வலி போனால் காயம் ஆறிவிட்டதா? முழங்கால் தசைநார் கிழிவும் அதன் சிகிச்சையும்

2024 ஆகஸ்டு 4. பாரிஸ் ஒலிம்பிக் போட்டியின் பெண்கள் ஒற்றையர் பூப்பந்து அரையிறுதி ஆட்டம். ஸ்பெயினின் கரோலினா மரின் முதல் செட்டை 21-14 என்று வென்றிருந்தார். இரண்டாவது செட்டிலும் 10-6 என்று முன்னணியில் இருந்தார். ஒரு பந்தைத் திருப்பி அடித்துவிட்டுக் கால் ஊன்றியபோது அவருடைய வலது முழங்கால் மடங்கியது. வலிதாங்காமல் தரையில் விழுந்தார். முழங்காலில் பட்டை அணிந்துகொண்டு மீண்டும் ஆடிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளுக்கு மேல் முடியவில்லை. வெற்றிக்கு அருகில் இருந்தவர் ஆட்டத்தைக் கைவிட்டு அழுதுகொண்டே வெளியேறினார்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவருக்கு இது மூன்றாவது பெரிய முழங்கால் காயம். 2019இல் இதே வலது முழங்காலிலும், 2021இல் இடது முழங்காலிலும் ஒரே வகையான தசைநார் கிழிந்திருந்தது. மூன்று முறையும் கிழிந்தது ‘ஏசிஎல்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முன் சிலுவைத் தசைநார்.

பூப்பந்து, காற்பந்து, வலைப்பந்து, கூடைப்பந்து, கபடி என்று பள்ளிகளில் ஆடப்படும் பல விளையாட்டுகளில் இந்தக் காயம் ஏற்படுகிறது. எதிராளி தொடாமலே ஒரு தசைநார் எப்படிக் கிழிகிறது? தோலில் பட்ட வெட்டு தானாக ஆறும்போது இது மட்டும் ஏன் எளிதில் ஆறுவதில்லை? அறுவைச் சிகிச்சை எல்லாருக்கும் வேண்டுமா? வலி போன பின்னும் மருத்துவர்கள் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள்? இந்த வாரப் பாடத்தில் இவற்றைப் பார்ப்போம்.

மூட்டைப் பிணைக்கும் நான்கு கட்டுகள்

முழங்கால் மூட்டில் மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னால் முழங்காற்சில்லு ஆகியவை சந்திக்கின்றன. தொடை எலும்பின் முனை உருண்டையானது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறக்குறைய தட்டையானது. தட்டின்மேல் வைத்த பந்து போன்ற இந்த அமைப்பு, எலும்புகளை மட்டும் நம்பினால் நிலையாக நிற்காது. அதை நிலைநிறுத்துபவை தசைகளும் தசைநார்களும்தாம்.

தசைநார் என்பது எலும்பை எலும்போடு கட்டும் உறுதியான நார்க்கற்றை. பெயரில் ‘தசை’ இருந்தாலும் அது தசையன்று, தானாகச் சுருங்காது. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு தசைநாண். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு. உட்பக்கத்தில் ஒன்றும் வெளிப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு பக்கத் தசைநார்கள் உள்ளன. அவை முழங்கால் பக்கவாட்டில் வளையாமல் காக்கின்றன. மூட்டின் நடுவே இரண்டு தசைநார்கள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அதனால் அவற்றுக்குச் சிலுவைத் தசைநார்கள் என்று பெயர். பின் சிலுவைத் தசைநார் கீழ்க்கால் எலும்பு பின்னோக்கி நழுவாமல் பிடிக்கிறது. முன் சிலுவைத் தசைநாரான ஏசிஎல் அது முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் பிடிக்கிறது.

இரண்டு எலும்புகளுக்கும் இடையே பிறைநிலா வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகளும் இருக்கின்றன. இவை பிறைக் குருத்தெலும்புகள். குதிக்கும்போதும் ஓடும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இவை பரப்பித் தாங்குகின்றன. பேச்சுவழக்கில் தசைநாரையும் ‘ஜவ்வு’ என்கிறோம், இந்த மெத்தையையும் ‘ஜவ்வு’ என்கிறோம். “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று மருத்துவர் சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

ஏசிஎல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. உங்கள் சுண்டு விரலைவிடக் குட்டையானது. ஆனால், இளம் வயதினரின் ஏசிஎல்லை ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, அது அறுபட ஏறக்குறைய 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. இது 220 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இந்த வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத இழைகள். ஓய்வில் இருக்கும்போது அவை சிற்றலைகள்போல் நெளிந்திருக்கும். மெல்ல இழுத்தால் முதலில் நெளிவுகள் நிமிரும். அதன் பிறகு இழுத்தால் இழைகளே இழுபட்டு எதிர்ப்புக் காட்டும். விசையை எடுத்துவிட்டால் பழைய நீளத்திற்குத் திரும்பும். எல்லையைத் தாண்டினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்கும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் மீள்தன்மை எல்லை என்ற கருத்து உங்கள் முழங்காலுக்குள்ளும் இருக்கிறது.

எவரும் தொடாமலே கிழிவது எப்படி?

ஏசிஎல் கிழிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு, யாரும் மோதாத நேரத்தில் நிகழ்பவை. குதித்துத் தரையிறங்குவது, ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென நிற்பது, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்புவது ஆகிய மூன்றும்தான் ஆபத்தான கணங்கள்.

அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வீராங்கனை ஒற்றைக் காலில் தரையிறங்குகிறார். முழங்கால் போதிய அளவு மடங்காமல் ஏறக்குறைய நேராக நிற்கிறது. உடலின் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. முழங்கால் உட்பக்கமாகச் சரிகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவித் திருகிக்கொள்கிறது. இழுப்பும் திருகலும் ஒரே நேரத்தில் ஏசிஎல் மீது விழுகின்றன.

காயங்கள் பதிவான காணொளிகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட ஏறக்குறைய 40 மில்லி விநாடிக்குள் கிழிவு நடந்துவிடுகிறது என்று கணித்திருக்கிறார்கள். கண் இமைப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும். ஆபத்தை உணர்ந்த நரம்புகள் செய்தி அனுப்பி, தசைகள் முழு விசையோடு சுருங்கிக் காப்பாற்ற அந்த நேரம் போதாது. எனவே, முழங்காலைக் காக்கும் அசைவு தரையைத் தொடுவதற்கு முன்பே உடலுக்குப் பழகியிருக்க வேண்டும். பயிற்சியின் அவசியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

காற்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது. எலும்பு அமைப்பு, தரையிறங்கும் முறை, தசை வலிமை, கிடைக்கும் பயிற்சியின் தரம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இவற்றுள் தரையிறங்கும் முறையையும் தசை வலிமையையும் நம்மால் மாற்ற முடியும்.

கிழிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

காயம்பட்டவர்கள் பலர் ‘டப்’ என்ற ஓசையைக் கேட்டதாகவோ, உள்ளே ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்ததாகவோ சொல்வார்கள். தசைநாருக்குள் ஓடும் சிறு இரத்தக்குழாய்களும் கிழிவதால் மூட்டுக்குள் இரத்தம் கசியும். அதனால் சில மணி நேரத்திற்குள் முழங்கால் வீங்கிவிடும். வீக்கம் வடிந்து நடக்கத் தொடங்கிய பிறகு வேறோர் அறிகுறி தலைகாட்டும். படியில் இறங்கும்போதோ திரும்பும்போதோ முழங்கால் திடீரென்று ‘விட்டுக்கொடுத்தது’ போலத் தோன்றும்.

மருத்துவரின் முதல் கருவி அவருடைய கைகள்தாம். முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். ஏசிஎல் நலமாக இருந்தால் கயிறு இறுகியதுபோல் சட்டென்று நிற்கும். கிழிந்திருந்தால் பிடிமானம் இல்லாமல் நழுவும். இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாக்மனின் பெயரால் 1976இல் ஜோசப் டோர்க் இதை விவரித்தார்.

எக்ஸ்ரே படத்தில் தசைநார் தெரியாது. ஆனாலும் அதை எடுப்பார்கள். வளரும் வயதில் எலும்பைவிடத் தசைநார் வலிமையாக இருக்கக்கூடும் என்பதால், தசைநார் அறுவதற்குப் பதிலாக, அது பற்றியிருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வந்துவிடுவதுண்டு. எக்ஸ்ரே அதைக் காட்டும். தசைநாரையும் பிறைக் குருத்தெலும்பையும் காட்டுவது எம்ஆர்ஐ படம்.

காயத்தை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் இழைகள் இழுபட்டிருக்கும். இரண்டாம் நிலையில் ஒரு பகுதி கிழிந்திருக்கும். மூன்றாம் நிலையில் முழுவதும் அறுந்திருக்கும்.

முதல் மூன்று நாள்கள்

திடலில் முழங்கால் திருகிக்கொண்டால் ஆட்டத்தை அப்போதே நிறுத்த வேண்டும். “கொஞ்சம் நடந்து பார், சரியாகிவிடும்” என்று சொல்லி மீண்டும் ஆடவிடக் கூடாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் அளவுக்கு வைக்கலாம். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியால் மிதமாகச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம்.

எண்ணெய் தடவி உருவிவிடுவதும், சூடு வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாள்களில் இவை வீக்கத்தைக் கூட்டிவிடும். என்ன கிழிந்தது என்று தெரியாமல் மூட்டை இழுத்துத் திருப்புவது அதைவிட ஆபத்தானது. காலை ஊன்ற முடியவில்லை, முழங்கால் ஒரே நிலையில் பூட்டிக்கொண்டது, பாதம் மரத்துப்போனது அல்லது குளிர்ந்துபோனது என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒன்று ஆறுகிறது, மற்றொன்று ஏன் ஆறுவதில்லை?

இந்தப் பாடத்தின் மையமான கேள்வி இதுதான். உட்பக்கத் தசைநார் கிழிந்தால், முழங்காலுக்குப் பட்டை அணிவித்துப் பயிற்சி தருவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் அது தானாகச் சேர்ந்துவிடும். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில், அதே கொலாஜனால் ஆன ஏசிஎல் முழுவதும் அறுந்தால் பெரும்பாலும் நன்றாகச் சேர்வதில்லை. ஏன்?

உடலின் எந்தக் காயமும் ஆற முதலில் ஓர் இரத்தக்கட்டி உருவாக வேண்டும். அறுந்த இரு முனைகளுக்கும் இடையே அது பாலம் கட்டுகிறது. சீரமைக்கும் உயிரணுக்கள் அந்தப் பாலத்தின் வழியே ஊர்ந்து வந்து புதிய கொலாஜனை நெய்கின்றன. உட்பக்கத் தசைநார் மூட்டின் திரவப் பைக்கு வெளியே, மற்றத் திசுக்களோடு ஒட்டி இருக்கிறது. அங்கே இரத்தம் உறைந்து நிற்கும்; பாலம் உருவாகும்.

ஏசிஎல் நிற்கும் இடம் வேறு. அது மூட்டின் நடுவே, மூட்டுத்திரவம் சூழ்ந்த அறைக்குள் இருக்கிறது. மூட்டு வழுக்கிக்கொண்டு இயங்க அந்தத் திரவம் தேவை. காயத்திற்குப் பிறகு அங்கே இரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்னும் நொதி செயற்படுகிறது. அதனால் பாலம் நிலைப்பதற்கு முன்பே கரைந்துபோகிறது. அறுந்த முனைகள் நாளடைவில் சுருங்கி விலகிவிடுகின்றன. ஏசிஎல்லில் சீரமைக்கும் உயிரணுக்கள் இல்லாமல் இல்லை. அவை கடந்து செல்லப் பாலம்தான் இல்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: நான்கு காகிதத் துண்டுகள், பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, ஒரு கிண்ணம் நீர்.

இரண்டு துண்டுகளின் முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பசையால் ஒட்டி மேசைமேல் வையுங்கள். மற்ற இரண்டையும் அதேபோல் ஒட்டி, பசை காய்வதற்கு முன்பே நீருக்குள் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரு சோடிகளையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். காகிதமும் ஒன்று, பசையும் ஒன்று. முடிவு மட்டும் ஏன் வேறாயிற்று? மேசைமேல் இருந்தது உட்பக்கத் தசைநார் என்றும், நீருக்குள் இருந்தது ஏசிஎல் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

தைத்துவிட்டால் என்ன?

அறுந்ததைத் தைத்துவிடலாமே என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் தோன்றியது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் தையல் முறை தொடர்ந்தது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் அப்படித் தைக்கப்பட்ட மாணவர்களின் முழங்கால்களை, ஐந்து ஆண்டுகள் கழித்து ஜான் ஃபீகினும் வால்டன் கர்லும் ஆராய்ந்தார்கள். 1976இல் வெளிவந்த அவர்களின் முடிவு ஏமாற்றம் அளித்தது. பெரும்பாலோரின் முழங்கால் மீண்டும் நிலையிழந்திருந்தது.

தையல் சரிவராததால் மருத்துவர்கள் வேறொரு தசைநாணை அந்த இடத்தில் பொருத்தும் முறைக்கு மாறினார்கள். இதற்கு ஏசிஎல் மறுகட்டமைப்பு என்று பெயர். முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண், தொடையின் பின்தசை நாண், தொடையின் முன்தசை நாண் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து நோயாளியின் சொந்தத் தசைநாணில் ஒரு பகுதியை எடுப்பார்கள். இரு எலும்புகளிலும் குறுகிய சுரங்கம் துளைத்து, அந்த நாணை அதன் வழியே செலுத்தி இரு முனைகளையும் இறுக்குவார்கள். சிறு துளைகள் வழியே கேமராக் குழாயைச் செலுத்தி இதைச் செய்வதால் பெரிய வெட்டுக்காயம் தேவைப்படுவதில்லை. இறந்தவர்கள் தானமாக அளித்த தசைநாணையும் பயன்படுத்தலாம். ஆனால், இளம் விளையாட்டாளர்களிடம் அது மீண்டும் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பதால் பொதுவாக அவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

பழைய தையல் முறை முற்றிலும் மறக்கப்படவில்லை. பாலம் கரைவதுதான் சிக்கல் என்றால், கரையாத பாலம் ஒன்றை வைத்தால் என்ன என்று பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் மார்த்தா மரே கேட்டார். மாட்டுத் திசுவிலிருந்து பெற்ற கொலாஜனால் ஒரு பஞ்சை உருவாக்கினார். அதை நோயாளியின் சொந்த இரத்தத்தில் ஊறவைத்து, அறுந்த முனைகளுக்கு இடையே வைத்துத் தைக்கும் முறையை அவருடைய குழு வளர்த்தெடுத்தது. அந்தப் பஞ்சுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 டிசம்பரில் அனுமதி அளித்தது. நீண்டகாலப் பலன்கள் இன்னும் கண்காணிக்கப்படுகின்றன.

அறுவையா, பயிற்சியா?

ஏசிஎல் கிழிந்த எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. 18 முதல் 35 வயது வரையிலான 121 பேர் இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவில் இருந்த 62 பேருக்கு விரைவிலேயே அறுவையும் பயிற்சியும். இரண்டாம் குழுவில் இருந்த 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும். முழங்கால் தொடர்ந்து நிலையிழந்தால் பின்னர் அறுவை. 2010இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்து வலி, பிற அறிகுறிகள், விளையாட்டுத் திறன், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்து அளந்த மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் குழுவில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

அதே ஆய்வின் எம்ஆர்ஐ படங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சியை மட்டுமே மேற்கொண்ட சிலரின் ஏசிஎல் முனைகள் மீண்டும் சேர்ந்திருந்ததற்கான அடையாளங்களும் தெரிந்தன. “ஏசிஎல் ஒருபோதும் ஆறாது” என்ற பழைய கருத்து இப்போது திருத்தப்பட்டு வருகிறது.

இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொழில்முறை விளையாட்டாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் இல்லை. அதன் முடிவை 15 வயது மாணவிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஓர் ஆய்வு யாரைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்பது அறிவியல் வாசிப்பின் முதல் விதி.

பொதுவாக, சட்டெனத் திரும்பும் விளையாட்டுகளுக்கு மீண்டும் செல்ல விரும்புவோர், அன்றாட நடையிலேயே முழங்கால் அடிக்கடி நிலையிழப்போர், தைக்க வேண்டிய பிறைக் குருத்தெலும்புக் கிழிவு உள்ளோர், ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார் கிழிந்தோர் ஆகியோருக்கு அறுவையைப் பரிந்துரைப்பார்கள். நேர்கோட்டில் ஓடுவது, நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது போதும் என்போருக்குப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் பயிற்சி கட்டாயம்.

வளரும் வயதினருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. கால் நீளமாக வளர்வது பெரும்பாலும் இங்கேதான். அவற்றின் ஊடே தவறான முறையில் சுரங்கம் துளைத்தால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். எனவே கையின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு எலும்பின் வயதைக் கணித்து, வளர்ச்சித் தட்டைத் தவிர்க்கும் முறைகளைக் கையாள்வார்கள். அதே வேளையில், நிலையற்ற முழங்காலோடு தொடர்ந்து விளையாடினால் பிறைக் குருத்தெலும்பு கிழிந்துகொண்டே போகும். ஆகவே, “வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்று மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடக் கூடாது.

வலிக்கு ஒரு கடிகாரம், வலிமைக்கு ஒரு கடிகாரம்

இனி, பலர் தவறும் இடத்திற்கு வருவோம். நான்காம் படிவ மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. மெதுவாக ஓடவும் முடிகிறது. மாவட்ட அளவிலான வலைப்பந்துப் போட்டி அடுத்த மாதம். குழுவில் ஓர் ஆள் குறைகிறது. அவள் ஆடலாமா?

அவளுடைய உணர்வு ‘ஆடலாம்’ என்று சொல்லும். உள்ளே நடப்பது வேறு. பொருத்தப்பட்ட தசைநாண், பழைய இடத்திலிருந்து எடுத்தபோதே தன் இரத்த ஓட்டத்தை இழந்துவிட்டது. முதல் வாரங்களில் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் இறந்துவிடும். பிறகு மெல்ல மெல்லப் புதிய இரத்தக்குழாய்கள் ஊடுருவி வரும். புதிய உயிரணுக்கள் குடியேறிப் பழைய கொலாஜனைப் பிரித்துப் புதிதாக அடுக்கும். தசைநாண் இப்படித் தசைநாராக மாறுவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும். வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய சுவரை இடித்துப் புதிய சுவரை எழுப்பும் இடைக்காலம் ஒன்று உண்டல்லவா? அப்போது வீடு முன்பைவிட வலுக்குறைந்துதான் நிற்கும். பொருத்திய நாணும் அப்படித்தான். விலங்குகளில் நடத்திய ஆய்வுகளில், பொருத்தியபோது இருந்ததைவிட அடுத்த சில வாரங்களில் நாண் வலுக்குறைந்து, பிறகே மெல்ல வலுப்பெறுவது தெரிந்தது.

வலியின் கடிகாரம் விரைவாக ஓடுகிறது. வலிமையின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஆபத்து அதிகம்.

இதற்கு எண்களின் சான்றும் இருக்கிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போடத் தள்ளிப்போட, மறுகாயத்தின் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்பிய 25 வயதுக்குக் குறைந்தவர்களுள் 23 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மீண்டும் ஏசிஎல் கிழிந்திருந்தது. சிலருக்கு அதே காலில். சிலருக்கு நன்றாக இருந்த மறுகாலில்.

ஆகவே, ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்ச எல்லை. அது முடிந்தாலே திரும்பலாம் என்றும் பொருள் இல்லை. பல தேர்வுகளில் தேறவும் வேண்டும். காயம்பட்ட காலின் தசை வலிமை மறுகாலின் வலிமையில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அவ்வாறே இருக்க வேண்டும். தரையிறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரியக் கூடாது.

பயிற்சியின் படிகள் பொதுவாக இவை:

முதல் வாரங்கள்: வீக்கத்தைக் குறைத்தல், முழங்காலை முழுவதும் நீட்டப் பழகுதல், தொடையின் முன்தசையை மீண்டும் இயக்குதல்.

அடுத்த இரண்டு மாதங்கள்: இயல்பான நடை, நிலையான மிதிவண்டி, சமநிலைப் பயிற்சி.

மூன்று, நான்கு மாதங்கள் முதல்: தசை வலிமை போதுமானால் நேர்கோட்டில் மெல்லோட்டம்.

ஆறு மாதங்கள் முதல்: தாவுதல், திசை மாறுதல், விளையாட்டுக்குரிய அசைவுகள்.

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு: தேர்வுகளில் தேறினால் முதலில் குழுவோடு பயிற்சி, அதன் பிறகே போட்டி.

இவை பொதுவான அளவுகள். ஒவ்வொருவருக்கும் உரிய வேகத்தை மருத்துவரும் பிசியோதெரபி நிபுணரும்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த மாணவி இந்தப் போட்டியை விட்டுவிட்டால் ஒரு பருவத்தை இழப்பாள். ஆடினால், மீண்டும் அறுவை மேசைக்குச் செல்லும் ஆபத்தை ஏற்கிறாள். ஏசிஎல் அல்லது பிறைக் குருத்தெலும்பு கிழிந்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் தலைகாட்டுகிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மறுகாயங்கள் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. முப்பது வயதில் படியேறும்போது வலிக்கக்கூடிய முழங்காலைப் பற்றிய முடிவு பதினாறு வயதில் எடுக்கப்படுகிறது.

வருமுன் காக்கும் 20 நிமிடம்

நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 காற்பந்து வீராங்கனைகளிடம் ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஒரு பகுதியினர் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு ஏறக்குறைய 20 நிமிடம் சிறப்பு உடற்பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஆடினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, சிறப்புப் பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ‘ஃபிஃபா 11+’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய இந்தப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மெல்லோட்டம், வயிற்றுத் தசைகளை இறுக்கும் பலகை நிலை, தொடையின் பின்தசைப் பயிற்சி, ஒற்றைக் கால் சமநிலை, மென்மையாகத் தரையிறங்கும் தாவல் ஆகியவை அதில் அடங்கும்.

கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மெல்ல மடக்கிப் பாருங்கள். முழங்கால் பாதத்தின் நேர்கோட்டில் நிற்கிறதா, உட்பக்கமாகச் சரிகிறதா? சரிந்தால் கவலைப்பட வேண்டாம். பயிற்சியால் திருத்தக்கூடிய ஒன்றை முன்கூட்டியே கண்டுகொண்டீர்கள். உங்கள் புறப்பாட நடவடிக்கைப் பயிற்றுநரிடம் அந்த 20 நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே காயம்பட்டிருந்தால், “எனக்கு எப்போது வலி நிற்கும்?” என்பதோடு, “என் முழங்கால் எந்தத் தேர்வில் இன்னும் தேறவில்லை?” என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கலைச்சொற்கள்

தசைநார்: எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்க்கற்றை.
தசைநாண்: தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற திசு.
பிறைக் குருத்தெலும்பு: முழங்காலில் அதிர்ச்சியைத் தாங்கும் பிறை வடிவ மெத்தை.
மூட்டுத்திரவம்: மூட்டு உராய்வின்றி இயங்க உதவும் வழுவழுப்பான நீர்மம்.
வளர்ச்சித் தட்டு: வளரும் வயதில் எலும்பு நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்புப் பகுதி.

சிந்தித்து விடை காண்க

1. உட்பக்கத் தசைநாரும் ஏசிஎல்லும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அவை ஆறும் விதத்தில் ஏன் வேறுபடுகின்றன?
2. ஏசிஎல் 40 மில்லி விநாடிக்குள் கிழிகிறது என்ற செய்தி, காயத்தைத் தடுக்கும் பயிற்சியைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது?
3. சுவீடன் ஆய்வின் முடிவை உங்கள் பள்ளிக் குழுவினருக்கு அப்படியே பொருத்தலாமா? இரண்டு காரணங்கள் தருக.
4. பொருத்திய தசைநாணின் வலிமை, நோயாளி உணரும் வலி ஆகிய இரண்டும் 12 மாதங்களில் எவ்வாறு மாறும்? ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்து, ஆபத்து மிகுந்த காலத்தைக் குறித்துக் காட்டுக.